அரம் வழுக்கிய சுத்தியல்கள்

அந்தக் கண்ணாடிகளின் தோல் வாசனை இன்றைக்கும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. கப்பலில் வந்த மரப்பெட்டியை ஆணி பிடுங்கித் திறந்தவன் நான்தான். வைக்கோலுக்கு நடுவே ஆறு ஜோடிக் கண்ணாடிகள் இருந்தன. தடித்த வட்டச் சில்லு, கண்ணைச் சுற்றி மூடிக்கொள்ளும் தோல் கிண்ணம், தலைக்குப் பின்னால் இழுத்து மாட்ட ஒரு பட்டை. பாறை உடைக்கும்போது சிம்பு தெறித்துக் கண்ணில் படாமல் இருப்பதற்காகச் செய்தவை. அவற்றின் கீழே ஆறு எஃகுச் சுத்தியல்கள், ஒரு பக்கம் சதுர முகம், மறுபக்கம் உளி வாய். அதற்கும் கீழே கெட்டியான கயிறு இரண்டு சுருள், நெட்டித் தொப்பிகள், தோல் பூட்ஸுகள். எல்லாம் வழவழவென்று எண்ணெய் பூசி, காகிதம் சுற்றி இருந்தன. முன்பு இருந்த அதிகாரி காட்டு வேலைக்குப் போகிறவர்களை நினைத்து எழுதி வரவழைத்தவை. பெட்டி வந்து சேர்ந்தபோது அவர் வேலையை விட்டுப் போயிருந்தார்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள் அவை. பாறைகளையும் தாதுக்களையும் தேடிப் பார்ப்பதற்கென்று திருவனந்தபுரத்தில் இருந்த ஒரு சின்ன ஆபீசில் நான் ஸ்டோர் கிளார்க். வீடு கரமனையில். வேலை கிடைத்தது என் படிப்பினால் அல்ல. புதிதாக வந்த அதிகாரி என் அம்மாவுக்குத் தூரத்து உறவு. ஸ்ரீவராகத்தில் அவர் வீட்டுக்கு அம்மா ஒரு நாள் நேரில் போய்ப் பேசினாள், அடுத்த மாதம் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவரை ஆபீசில் எல்லோரும் பெரிய சார் என்றார்கள். நானும் அப்படியே சொன்னேன்.

பெரிய சார் பெட்டியைப் பார்த்ததும் கல்யாணச் சீர்வரிசையைப் பார்த்தவர் போல முகம் மலர்ந்தார். நெட்டித் தொப்பியை வைத்துக்கொண்டு ஜன்னல் கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பூட்ஸ் ஒரு ஜோடி அவர் காலுக்குச் சரியாக இருந்தது, அதோடு முடிந்தது அதன் கதை. கயிற்றில் ஒரு சுருள் அவர் வீட்டு ஊஞ்சலுக்குப் போயிற்று. கண்ணாடிகளில் இரண்டு, அவருடைய மோட்டார் காரில் தூசி அடிக்காமல் இருக்க அவருக்கும் அவரோடு சவாரி வரும் சிநேகிதருக்கும் போயின. மீதி நாலையும் சுத்தியல்களையும் தம் அறையில் இருந்த கண்ணாடி அலமாரியில் அடுக்கச் சொன்னார். வருகிறவர்கள் பார்த்து மெச்ச வேண்டும். நான் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, சுத்தியல்களை விசிறி போல விரித்து அடுக்கினேன். நன்றாக அடுக்கியிருக்கிறாய் என்று அவர் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது கூசுகிறது.

பாறை உடைக்க ஆபீசில் ஒரே ஆள்தான். ஃபீல்டுமேன் என்பது அவர் உத்தியோகப் பெயர். நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவர், என் வயதுதான், முப்பது இருக்கும். தகப்பனார் காலத்திலிருந்தே குவாரி வேலை தெரிந்தவர். ஒரு பாறையின் முன்னால் நின்று இரண்டு நிமிஷம் சும்மா பார்ப்பார், பிறகு ஓரிடத்தில் ஒரே அடி அடிப்பார், வேண்டிய துண்டு உள்ளங்கை அளவில் விழும். பெரிய சார் சீமையில் படித்துவிட்டு வந்தவர். ஆனால் அந்த ஃபீல்டுமேன் எடுத்துக்கொடுத்த துண்டுகளை வைத்துத்தான் அவர் ரிப்போர்ட் எழுதினார்.

அவருடைய பழைய சுத்தியலின் காம்பு ஒடிந்து, தலையும் தேய்ந்து போயிருந்தது. புதுச் சுத்தியல் கேட்டார். அலமாரியைத் திறந்தால் ஆறு இருந்தன. பெரிய சார் கையை அசைத்தார்.

"அதெல்லாம் அழுக்காக்க வேண்டாம். சாலை பஜார்க் கடையிலே ரெண்டு மூணு வாங்கிக் கொடு. பார்வையா இருக்கணும். கேம்புக்கு வெளியாள் வருவா."

நானும் ஃபீல்டுமேனும் அந்த பஜாரை ஒட்டிய ஆரியசாலையில் ஓர் இரும்புக் கடைக்குப் போனோம். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்தவர். மூன்று விதச் சுத்தியல்கள் எடுத்துப் போட்டார். ஒன்று கறுப்பாக, கரடுமுரடாக இருந்தது. இன்னொன்று சின்னது. மூன்றாவது பளபளவென்று தீட்டி, காம்புக்குச் சிவப்பு அரக்கு பூசியிருந்தது. ஃபீல்டுமேன் மடியிலிருந்து ஒரு சின்ன அரத்தை எடுத்து மூன்றின் முகத்திலும் இழுத்துப் பார்த்தார். கறுப்புச் சுத்தியலில் அரம் மெல்லப் பிடித்தது. சிவப்புக் காம்புச் சுத்தியலில் கண்ணாடிமேல் போவதுபோல வழுக்கிக்கொண்டு போயிற்று.

"இது வேண்டாம் சாரே. அரம் வழுக்குது பாத்தியளா? காய்ச்சித் தண்ணியில முக்குற தோய்ச்சல் கூடிப்போச்சு, இரும்பு நொறுங்குற கெட்டி. ஆணி அடிக்கத்தான் இது ஆவும். நம்ம மலைக் கல்லுல ரெண்டு அடி அடிச்சா ஓரம் தெறிச்சிரும்."

"பார்வையா இருக்கணும்னு சொல்லியிருக்கார்" என்றேன்.

"பார்வைக்கு வாங்குனா பார்வைதான் போவும்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். வாய்தவறி வந்த பேச்சு, அப்போது அதற்கு ஓர் அர்த்தமும் இல்லை. நானும் சிரித்தேன். சிவப்புக் காம்பில் மூன்று வாங்கினேன். கறுப்பை வாங்கிப் போயிருந்தால் பெரிய சார் என்ன செய்திருப்பார்? முகத்தைச் சுளித்திருப்பார். அவ்வளவுதான். ஒரு மனிதர் முகம் சுளிப்பதைப் பார்க்கப் பயந்து நான் அதை வாங்கினேன்.

ஆபீசுக்குத் திரும்பும் வழியில் அவர் இன்னொன்றும் கேட்டார். "அந்தக் கண்ணாடி ஒண்ணு எடுத்துத் தர முடியுமா? வேலை முடிஞ்சதும் துடைச்சுத் திருப்பித் தந்துருவேன்." அலமாரிச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. பெரிய சாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். மறக்கவில்லை.

கேம்ப் கிழக்கே மலையடிவாரத்தில் இருந்தது. பெரிய சார் காரில் வந்தார், நாங்கள் முந்தின நாளே பஸ்ஸில் போய்ச் சேர்ந்திருந்தோம். அவர் பார்க்க வந்த பாறை நீலமும் கறுப்புமாய், சிவப்புப் பொட்டுகளோடு, நல்ல கடினமானது. ஃபீல்டுமேன் வழக்கம்போல் நின்று பார்த்தார். நாலைந்து அடி அடித்தார். இன்னும் கொஞ்சம் பெரிய துண்டாக வேண்டும் என்றார் பெரிய சார். அடுத்த அடியில் சத்தம் வேறு மாதிரி கேட்டது. ஃபீல்டுமேன் அடுத்த அடி ஓங்கவில்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, இடது கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். விரல் இடுக்கில் இரத்தம் வந்தது.

நான் பெரிய சாரைத் திரும்பிப் பார்த்தேன். காரிலிருந்து இறங்கியவர், கண்ணாடியைக் கழற்றாமல் நெற்றிமேல் தூக்கி விட்டிருந்தார். ஒரு கண் போய்க்கொண்டிருந்த இடத்திலிருந்து பத்தடி தூரத்தில், அந்தக் கண்ணைக் காப்பாற்றுவதற்கென்றே செய்த பொருள் ஒரு மனிதனுடைய வழுக்கை நெற்றியில் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

காரில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்றேன். பெரிய சார் காரின் சீட்டை எட்டிப் பார்த்தார். பிறகு, "சீட்டிலே பேப்பர் விரிச்சுக்கோ. நன்னா ரெண்டு மடியா விரி" என்றார். விரித்தேன். நகரம் வந்து சேரும்வரை ஃபீல்டுமேன் முகத்தைப் பொத்தியபடியே இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பேப்பருக்கு வெளியே சொட்டு விழாமல் பார்த்துக்கொண்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நான் பார்த்துக்கொண்டது சீட்டைத்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சின்னக் கிண்ணத்தைக் காட்டினார். உள்ளே நகக்கண் அளவில் ஒரு துணுக்கு. "இது கல் இல்லை, இரும்பு" என்றார். சுத்தியலின் ஓரத்தில் அதே அளவு இடம் வெள்ளையாய்ப் பெயர்ந்திருப்பதை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். இடது கண் பிழைக்கவில்லை.

மேலிடத்திலிருந்து விசாரிக்க ஒருவர் வந்தார். அதற்கு முந்தின சாயங்காலம் பெரிய சார் என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். எனக்குக் காப்பி வந்தது.

"நீ ஒண்ணும் பெரிசாப் பொய் சொல்ல வேண்டாம். கண்ணாடி ஆபீசிலே இருந்ததோ இல்லியோ? இருந்தது. கொடுத்தேன், அவன் போட்டுக்கலைன்னு சொல்லு. இவ்வளவு சொன்னா மதி, போறும். உன் அம்மா உன்னை நம்பித்தானே இருக்கா."

"அவர் கேட்டார் சார். நான்தான் கொடுக்கலை."

"சாரமில்லை" என்றார், போனால் போகட்டும் என்பதுபோல. "அது உனக்கும் எனக்கும் தெரிஞ்சாப் போறும்."

காப்பியைக் குடித்தேன். மறுநாள் விசாரணை அதிகாரி கேட்டபோது, கொடுத்தேன், அவர் போட்டுக்கொள்ளவில்லை என்று சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஒரு வாரத்தில் ஃபீல்டுமேனுக்கு வேலை போயிற்று. தன் அஜாக்கிரதையால் கண்ணை இழந்தவர், இனி இந்த வேலைக்குத் தகுதியில்லை என்று காகிதம். அதை டைப் அடித்தவர் வேறொருவர். உறையில் போட்டு ஒட்டியது நான்.

பெரிய சார்மீது எனக்கு இருந்தது கோபம் அல்ல. கோபம் என்றால் எதிரே நின்று ஏதாவது சொல்லியிருப்பேன். அருவருப்பு. அவர் தொட்ட பைலைத் தொடக் கூசினேன், பூட்ஸ் சத்தம் வராந்தாவில் கேட்டாலே பின்வாசல் வழியாக வெளியே போனேன். ஆனால் அந்த அருவருப்பு அவரோடு நிற்கவில்லை. கண்ணாடி பார்த்து முகம் வழிக்கிறபோதும் அது வந்தது.

இரண்டு வருஷங்கள் கழிந்தன. பெரிய சார் உயர்ந்த பதவியோடு வேறு இடம் போனார். ஒரு நாள் ஆரியசாலையில், அதே இரும்புக் கடையில், அரங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். ஃபீல்டுமேன். இடது இமை மூடி உள்வாங்கியிருந்தது. குவாரிக்காரர்களுக்கு உளி தீட்டிக் கொடுத்துக் காலம் தள்ளுவதாகச் சொன்னார். நான் அவரை ஓரமாக அழைத்துப்போய், அன்று பொய் சொன்னேன் என்றேன்.

"தெரியும். நான் கதவுக்கு வெளிய பெஞ்சுல இருந்தேன்லா. எல்லாம் காதுல விழுந்துது."

நான் கடை வாசல் பக்கம் பார்வையைத் திருப்பினேன்.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? சொல்ல வேண்டிய எடத்துல சொல்லுங்க. எனக்கு அந்த வேலை வேண்டாம். அஜாக்கிரதைன்னு எழுதியிருக்கான் பாருங்க, அதை அடிச்சுப்போட்டுத் திருத்தித் தரணும். அந்தக் காயிதத்தைப் பாத்துட்டு ஒரு குவாரியிலயும் என்னைய உள்ள விட மாட்டேங்கான். ஒத்தக் கண்ணு போதும் எனக்கு. கெட்ட பேருதான் ஆவாது."

அடுத்த நாள் புதிய அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்தேன். சுத்தியலைத் தேர்ந்தெடுத்தது, அரம் வழுக்கியது, அவர் கண்ணாடி கேட்டது, சாவி என் இடுப்பில் இருந்தது, நான் சொன்ன பொய், எல்லாம். ஏன் இத்தனை நாள் கழித்து என்று கேட்டார். காகிதத்தை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தேன். அவர் கண்டிப்பான மனிதர், ஆனால் நேர்மையானவர். பல மாதங்கள் இழுத்தாலும் காகிதத்தைத் திருத்த வைத்தார். என்னை ஸ்டோரிலிருந்து எடுத்து, வேறோர் ஆபீசில் நகல் எழுதும் வேலைக்குத் தள்ளினார்கள். ரிட்டயர் ஆகும்வரை அங்கிருந்து நான் நகரவே இல்லை. ஸ்ரீவராகத்து வீட்டு விசேஷங்களுக்கு எங்களுக்கு அழைப்பு நின்றது. அம்மா என்னோடு ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று தெருவில் கல்லூரிப் பிள்ளைகள் தலைக்குத் தொப்பியும் கண்ணுக்குக் காப்புமாகப் பாறை பார்க்கக் கூட்டமாகப் போகிறார்கள். யாரும் யாரிடமும் கெஞ்சிக் கேட்டு அவற்றை வாங்கியதாகத் தெரியவில்லை.

திருத்திய காகிதத்தைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். நானே கொண்டுபோகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். அவர் வீடு நெய்யாற்றின்கரைக்கு அப்பால், பஸ்ஸிலிருந்து இறங்கி இரண்டு மைல் நடை. அந்த நடை முழுவதும் என் மனசில் ஒரே யோசனைதான். அந்த நாளில் எங்கள் அக்கிரகாரத் தெருக்காரன் யாரும் அவர்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் தொட மாட்டான். அவர்கள் தண்ணீர் கொடுத்தால் தயங்காமல் வாங்கிக் குடிக்க வேண்டும், அவர் கண் முன்னாலேயே குடிக்க வேண்டும் என்று தீர்மானம் செய்துகொண்டேன். அதை ஏதோ பெரிய காரியம்போல எண்ணி, கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன் என்று நினைக்கிறேன்.

ஃபீல்டுமேன் வீட்டு முன்னால் உலைக்குப் பக்கத்தில் இருந்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கி, மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மாள் பள்ளியில் படித்தவர். வாசலில் நின்று உரக்க வாசித்தார். சுத்தியலின் குறையால் நேர்ந்தது, ஊழியர்மீது தவறில்லை. "இன்னொரு மட்டம் வாசி" என்றார் ஃபீல்டுமேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு காகிதத்தை வாங்கி, நாலாக மடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

நான் நின்றுகொண்டிருந்தேன். நல்ல வெயில். நாக்கு வறண்டிருந்தது.

"சரி, சாரே. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு, அவர் உலைக்குத் திரும்பி, உளி ஒன்றை நெருப்பில் வைத்தார். மனைவி உள்ளே போய்விட்டார். தண்ணீர் வேண்டுமா என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.