கடலோரப் பந்தயம்

மகளின் டேப்லெட் சூடேறிவிட்டதென்று பிடுங்கி வைத்தேன். அளவுக்கு மீறிப் பயப்படுகிறேனோ என்னவோ. அந்தச் சூட்டு மணம், எங்கள் அகதி முகாம் இருந்த தன்னாமுனையில் றொபட் அண்ணன் நடத்திய கேம் கடையின் மணம். சுனாமிக்கு அடுத்த வருடம், பேய் விளையாட்டுகளில் சிரித்துக்கொண்டே செத்துச் செத்து விளையாடிய முகாம் பிள்ளைகள் நாங்கள், கார்ப் பந்தயத்தில் மட்டும் பாதை கடலோரம் வந்ததும் காரைப் புல்வெளிக்குள் திருப்பித் தோற்றுக்கொண்டேயிருந்தோம். ஒருதரமாவது வெல்ல எனக்கு ஆசை.

"நேர போ புள்ள, அது படம்தானே!"

"ஓம் அண்ணன், ஆனா தண்ணி கிட்ட வருகுது."

"தள்ளு, நான் ஓட்டிக் காட்டுறன்."

திரையில் கடல் விரிந்தது. அண்ணனின் கையும் காரைப் புல்வெளிக்குள்தான் திருப்பியது. யாரும் சிரிக்கவில்லை.

"தோத்தாப் பறவால்ல," என்றார் மெதுவாக. "கார் பத்திரமா இரிக்குதானே."