பொய் சொல்லத் தெரிந்த நோயாளி

வகுப்பில் ஒரு கேள்வியைக் கேட்டதும் பீற்றிஸ் மிஸ் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். கைலேஞ்சியை எடுத்து இல்லாத அழுக்கைத் துடைத்துக்கொண்டே இருப்பார். யாராவது வாய் திறக்கும்வரை தலை நிமிராது. வாவிக்கரையோரத்துத் தனியார் தாதியர் கல்லூரியில் அவரிடம் எத்தனையோ பேர் படித்துப் போனார்கள். மிஸ்ஸுக்குப் பார்வை மங்கல் என்றே எல்லோரும் நினைத்தார்கள். பார்த்துக்கொண்டு நின்றால் பிள்ளைகள் பயந்துவிடும் என்றுதான் அப்படிச் செய்கிறார் என்பது நிஸ்றாவுக்கு விளங்கியது. பயப்படுகிறவளுக்குத்தானே அது விளங்கும்.

நிஸ்றா காத்தான்குடிப் பிள்ளை. வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள். பாடமெல்லாம் தலைகீழாய்ச் சொல்வாள். நோயாளியின் கட்டிலருகே போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நோயாளியோடு பேசி விவரம் அறியும் சோதனையில் ஏற்கெனவே தவறியிருந்தாள். இன்னொரு முறை தவறினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவளுக்காகத்தான் பீற்றிஸ் செயற்கை நுண்ணறிவைக் கையில் எடுத்தார். "நீ ஒரு நோயாளி. தாதி கேட்பதற்குத் தமிழில் பதில் சொல்" என்று மடிக்கணினியில் எழுதிவிட்டு, அவளை முன்னால் இருத்தினார். கணினியிடம் நிஸ்றாவுக்குக் கூச்சம் வரவில்லை. எங்கே வலி, எப்போதிருந்து, எப்படிப்பட்ட வலி என்று கேட்கக் கேட்க, அதுவும் வரிசையாகச் சொன்னது. வகுப்பிலேயே அதிக புள்ளி அவளுக்குத்தான்.

அந்தத் தைரியத்தில் ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போனாள். கட்டிலில் இருந்தவள் உன்னிச்சையிலிருந்து வந்த கண்ணகை, நீரிழிவு என்னும் சீனி வருத்தக்காரி.

"எங்கயாவது நோகுதா அம்மா?"

"ஒண்டுமில்ல மகள்."

வலி இல்லை என்று எழுதிக்கொண்டு நிஸ்றா அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். பின்னால் வந்த பீற்றிஸ் கண்ணகையின் போர்வையை விலக்கினார். குதிக்காலில் புண் சீழ் கட்டிக் கிடந்தது.

"மெஷின்ட்ட கேட்டா சொல்லும் மிஸ்," என்றாள் நிஸ்றா, கண் கலங்கி.

"ஓம். பொய் சொல்லாத நோயாளியச் செஞ்சு தந்தது நான்தானே. பிழை உங்கட இல்ல."

பின்னேரம் பீற்றிஸ் கண்ணகையின் பக்கத்தில் போய் இருந்தார். நிஸ்றாவும் நின்றாள். மிஸ் புண்ணைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வயலில் அறுப்பு எப்படி என்று கேட்டார். கண்ணகைக்கு வாய் திறந்தது. வட்டை வயலில் மகன் தனியாக நிற்கிறான், நோவு என்று சொன்னால் டொக்டர் இங்கேயே மறித்து வைப்பார், அவனுக்குச் சோறு கொண்டுபோக ஆளில்லை.

"கேட்ட உடனே சொல்றதுக்கு நோவு என்ன ஊர்க்கதையா மிஸ்?" என்று சிரித்தாள்.

அடுத்த கிழமை பீற்றிஸ் கணினிக்குள் வேறொரு நோயாளியை வைத்திருந்தார். பெயரும் ஊரும் மட்டுந்தான் கண்ணகையினுடையவை அல்ல. நேரே கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். வயலைக் கேட்டால் பேசுவாள், வீட்டைக் கேட்டால் இளகுவாள், அவசரப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"எங்கட பெரியம்மாவப் புடிச்சு உள்ளுக்கு வெச்ச மாதிரி இரிக்கி மிஸ்," என்றான் கூடப் படிக்கும் சுஜீவன். "சரியான கள்ளி."

"அப்ப பெரியம்மாட்டப் பேசுற மாதிரிப் பேசுங்க."

நிஸ்றா பல நாள் தோற்றாள். கேள்விகளை விரைவாகக் கேட்டாள், மெதுவாகக் கேட்டாள், மாற்றிக் கேட்டாள். ஒன்றுமில்லை என்ற பதில்தான். களைத்துப்போய் ஒருநாள், "மகனுக்கு இப்ப ஆரு சோறு கொண்டு போற?" என்று கேட்டாள். அது பரீட்சைக்காகக் கேட்டது அல்ல. உண்மையாகவே அறிய விரும்பினாள். 'நான்தான், மகள். ஆனா இப்ப காலை ஊன்ற ஏலாது' என்று திரையில் வந்தது.

சோதனையன்று அவளுக்குக் கிடைத்தவர் ஆரையம்பதி மீன்பிடிகாரர். அவரும் ஒன்றுமில்லை என்றார். நிஸ்றா அவசரப்படவில்லை.

"தோணியில இப்ப ஆரு போறா ஐயா?"

"தம்பிதான்..." அவர் கூரையைப் பார்த்தார். "எனக்குக் குந்த ஏலாம வயிறு நோகுது, புள்ள."

நிஸ்றா சோதனையில் சித்தியடைந்தாள். உம்மா கொடுத்தனுப்பிய தொதல் இனிப்போடு மிஸ்ஸின் அறைக்குப் போனவள், அதை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"மிஸ், அந்தக் கண்ணகை அம்மாட்ட நாம கேட்டமா? அவவ மெஷினுக்குள்ள வெச்சதுக்கு?"

பீற்றிஸின் முகம் வாடியது. "பேர மாத்தினது போதும் எண்டு நினைச்சிட்டன். மகனும் அந்தப் பொய்யும் அவவுடதானே. போய்க் கேக்கோணும். வேணாமெண்டா அழிச்சிரோணும்."

"நான் போய்ட்டு வரவா மிஸ்?"

"எடுத்தது நான். நான்தான் போகோணும்."

மழை வந்து உன்னிச்சைப் பாதை வெள்ளத்தில் கிடந்தது. பிறகு பரீட்சைகள். பிறகு கணவருக்குத் திருகோணமலைக்கு மாற்றம் வர, பீற்றிஸும் போய்விட்டார். பஸ் ஏறும்போதுகூட, "விடுமுறைக்கு வந்து போறன்," என்றார். இன்னும் வரவில்லை.

இப்போது அதே கல்லூரியில் புதுப்பிள்ளைகளைப் பழக்குகிறவள் நிஸ்றா. அவர்கள் அந்தக் கணினி நோயாளியிடம் தோற்றுத் தோற்றுப் பேசப் பழகுகிறார்கள். அவளை அழிக்க நிஸ்றாவுக்கு மனம் வரவில்லை; வைத்திருக்க உரிமை இருக்கிறதா என்பதும் தெரியவில்லை. உன்னிச்சையில் கண்ணகையிடம் இதுவரை யாரும் போய்க் கேட்கவில்லை.