கரும்புகை விட்ட தண்ணீர் லொறி

கராஜ் வைத்திருப்பவனிடம் வருகிறவர்கள் வாகனத்தின் வருத்தத்தை மட்டும் கொண்டுவருவதில்லை, மருந்தின் பெயரையும் சேர்த்தே கொண்டுவருவார்கள். ரேடியோ திருத்துகிறவர்கள், தையல்காரர்கள், பல்லுப் பிடுங்குகிறவர்கள் எல்லோருக்கும் இது விளங்கும். "இதிலைதான் பிழை, இதை மட்டும் பாரும்" என்று விரலால் காட்டுவார்கள். பிழை வேறிடத்தில் இருந்துவிட்டால் நாங்கள் அதை அங்கே கொண்டுபோய் வைத்ததுபோல முறைப்பார்கள். அப்படி முறைக்கப்பட்டவர்கள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இதை வாசிக்கலாம்.

எண்பதுகளின் நடுவில் என் கராஜ் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான வேலணையில் இருந்தது. அங்கே வந்த லொறிகளில் நான் மறக்காதது கனகசபை முதலாளியின் தண்ணீர் லொறி. முதலாளி தெற்கே பெரிய கடை வைத்திருந்தவர். எண்பத்துமூன்று கலவரத்தில் கடை எரிய, உடுத்த உடுப்போடு ஊருக்கு வந்தார். மனைவியின் நகையை விற்று பெற்றோலில் ஓடுகிற ஒரு பழைய லொறி வாங்கி, அதில் பீப்பாக்களை ஏற்றி, அல்லைப்பிட்டி மணற்கிணறுகளின் நல்ல தண்ணீரைச் சுருவில் பக்கம் கொண்டுபோய்க் கொடுத்தார். கோடையில் சுருவில் கிணறுகளில் வாய் வைக்க ஏலாது, அவ்வளவு உவர். லொறி நின்றால் முதலாளிக்குச் சோறு நின்றது, சுருவிலுக்குத் தண்ணீர் நின்றது.

சுபவேளை

லொறியின் எஞ்சின் வெடித்துப்போக, முதலாளி பட்டணத்தில் ஒரு பழைய எஞ்சினை வாங்கி வந்தார். அதை லொறிக்குள் இறக்குவதற்கு நாள் பார்த்தார், நேரமும் பார்த்தார். நாங்கள் எஞ்சினைச் சங்கிலியில் தூக்கிய பிறகுதான் நல்ல நேரம் பிறக்க இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். தலைக்கு மேலே இரும்பு தொங்க, நானும் டிரைவர் யோசப்பும் கீழே நின்று அவருடைய மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இறக்கி முடித்தால் அடுத்த வில்லங்கம் வந்தது. புது எஞ்சினில், பெற்றோலையும் காற்றையும் கலக்கிற காபரேட்டர் மற்றப் பக்கம் இருந்தது. டிரைவர் கையால் இழுக்கிற சோக் கம்பியை நேராகக் கொண்டுபோக வேண்டுமென்றால் டாஷ்போர்ட்டின் நடுவால் எடுக்க வேண்டும். நடுவிலே, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பிள்ளையார் படம், ஸ்குரூ அடித்து இறுக்கப்பட்டிருந்தது. எரிந்த கடைக்குள்ளிருந்து முதலாளி கையோடு பிடுங்கி வந்தது அந்தப் படம் ஒன்றுதான். சட்டத்தின் ஒரு மூலை கருகியிருந்தது. அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கட்டோ என்று கேட்டேன். பழைய கம்பி வந்த ஓரத்துத் துளையால் சுற்றி எடுக்கும்படி கட்டளை வந்தது. உறைபோட்ட கம்பி அப்போது கடைகளில் இல்லை. சைக்கிள் பிரேக் கம்பி ஒன்றைச் சுற்றி எடுத்தேன். மட்டுமட்டாக எட்டியது. முதலாளி படத்துக்கு முன்னால் சூடம் கொளுத்திக்கொண்டே சொன்னார்: "உந்த நெருப்புக்குள்ளையே அசையாமல் இருந்தவர், உம்மடை கம்பிக்கு அசைவரோ?"

பலமான எஞ்சின்

முதல் ஓட்டத்திலேயே லொறி கன்னங்கரேலென்று புகை கக்கியது. பிளக்குகளைக் கழற்றினால் அடுப்புக்கரி. பின்னால் போன சைக்கிள்காரர் வெள்ளை வேட்டியோடு புறப்பட்டுச் சாம்பல் வேட்டியோடு போய்ச் சேர்ந்தார். இதை நாங்கள் 'றிச்சாக ஓடுது' என்போம். எஞ்சினுக்குக் காற்றுக் குறைந்து பெற்றோல் கூடிப்போவது. விருந்துக்குப் போனவர் தண்ணீர் குடிக்காமல் சோற்றையே அள்ளி அடைத்தால் என்ன பாடோ அந்தப் பாடு.

காபரேட்டரைப் பிரித்தேன். குடாநாட்டுக்கு எரிபொருள் வருவதும் நிற்பதுமாக இருந்த காலம் அது. பெற்றோல் இல்லாத நேரத்தில் யாரோ இந்த எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டியிருக்கிறார்கள். அதற்காக, பெற்றோல் வருகிற சின்னத் துளையை ஊசி விட்டுப் பெருப்பித்திருக்கிறார்கள். பழைய எஞ்சினின் காபரேட்டரில் இருந்து, சரியான துளையுள்ள கட்டையைக் கழற்றி இதிலே பூட்டினேன். கராஜில் நின்றபடி ஓடவிட்டால் எஞ்சின் பூனைபோல உறுமியது. வெற்றி என்று நினைத்தேன். பீப்பாக்களை நிரப்பிக்கொண்டு போன லொறி, பழையபடி கரும்புகையோடு திரும்பி வந்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு இருக்க, முதலாளி ஆறுதல் சொன்னார்: "கனக்கக் குடிக்குதெண்டால் பலமான எஞ்சின் எண்டுதானே தம்பி அர்த்தம்?"

வைத்தியர்கள்

கராஜில் நின்றால் புகை இல்லை. வெறும் லொறியை ஓட்டினால் புகை இல்லை. தண்ணீர் ஏற்றினால் மட்டும் புகை. காபரேட்டருக்குள் மிதவையைப் பார்த்தேன், காற்று வடிகட்டியைக் கழுவினேன், பற்றவைக்கும் நேரத்தைத் திருத்தினேன். இதற்கிடையில் ஊர் முழுவதும் கராஜுக்கு வந்துவிட்டது. கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர் பெற்றோலுக்குள் கற்பூரம் போடச் சொன்னார். பள்ளிக்கூடத்து மாஸ்டர், எஞ்சினை இறக்கிய நேரம் ராகுகாலத்தின் வாலில் முட்டியிருக்கிறது என்று கணக்குப் பண்ணிக் காட்டினார். யோசப்பு தன் பங்குக்கு, அந்தோனியார் கோயிலில் மந்திரித்த ஒரு செபமாலையைக் கொண்டுவந்து ஸ்டியரிங்கில் கொழுவினான். பிள்ளையாரும் அந்தோனியாரும் ஒரே லொறிக்குள் இருந்து பார்த்தும் புகை நிற்கவில்லை.

எல்லோரையும் விடப் பெரிய வைத்தியர் தபால்காரர். கடிதப் பையை என் கதிரையில் வைத்துவிட்டு, எஞ்சினைச் சுற்றி வந்து, புகைக்குழாய்க்குள் விரலை விட்டு மணந்து பார்த்தார். எஞ்சினை எறிந்துவிட்டு வேறு வாங்கு என்பது அவருடைய தீர்ப்பு. எத்தனை எஞ்சின் திருத்தியிருக்கிறீர்கள் என்று பணிவாகக் கேட்டேன். அவர் கொஞ்சமும் கூசவில்லை: "தம்பி, நான் சைக்கிளைத் தவிர ஒண்டும் தொட்டதில்லை, ஆனால் பிழையைப் பாத்தால் எனக்குத் தெரியும்."

தரவையில் ஹெலி

சிரிப்பு அத்தோடு போய்விட்டது. ஒரு நாள் வெட்டவெளித் தரவையில் லொறி புகையைக் கிளப்பிக்கொண்டு மதகு ஏற, வானத்தில் போன ஹெலிகொப்டர் திரும்பி வந்து சுற்றத் தொடங்கியது. கரும்புகை கண்டால் சுடுவதற்கு ஆமிக்கு வேறு காரணம் தேவையில்லாத காலம். யோசப்பு லொறியை விட்டுக் குதித்துத் தாழம்பற்றைக்குள் கிடந்தான். சுடவில்லை. போய்விட்டது. ஆனால் யோசப்பு சாவியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டான். இன்னும் ஒரு தரம்தான் ஓடுவானாம், அதிலும் புகை வந்தால் மீன்பிடிக்கப் போவானாம். இரண்டாவது தரமும் முதலாளி கையில் ஒன்றுமில்லாமல் நின்றார்.

சுருவிலில் லொறி நிற்கும் சந்தியில் குடங்களோடு முதல் ஆளாக நிற்பவர் தங்கம்மா அக்கா. மகள் பிள்ளை பெற்று வீட்டில் இருந்தாள். பச்சைப்பிள்ளைக்குக் கொதிக்க வைக்கவும் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உதவாது. அந்த அக்காவே கராஜுக்கு நடந்து வந்து, ஹெலியைக் கூட்டிக்கொண்டு வருகிற லொறியை இனிச் சந்தியில் நிற்பாட்ட வேண்டாம் என்று சொன்னார். பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டாமோ என்று கேட்டேன். "வேணும்தான் தம்பி, ஆனால் அதைக் குடிக்க நாங்களும் உயிரோடை இருக்க வேணுமே!"

மட்கார்ட்டில் ஒரு சவாரி

யோசப்பு ஓடச் சம்மதித்த அந்தக் கடைசி ஓட்டத்தில் நானும் போனேன். பீப்பாக்கள் நிறையத் தண்ணீர். எஞ்சினை மூடுகிற பொனற்றின் ஒரு பக்கத்தைத் திறந்து கட்டிவிட்டு, மட்கார்ட்டில் குந்தி, காபரேட்டரைப் பார்த்தபடி போனேன். ஊரே வாசலில் நின்று பார்த்தது. சமதரையில் ஒன்றுமில்லை. மதகு ஏறுகிற இடத்தில் யோசப்பு கியரை மாற்றி அக்சிலேட்டரை அமத்த, றப்பர் கட்டைகளில் குந்தியிருந்த எஞ்சின் பாரத்தில் கொஞ்சம் ஒரு பக்கம் சரிந்தது. சரிந்ததும், சுற்றி வந்த அந்தப் பிரேக் கம்பி கொடிக்கயிறு மாதிரி விறைத்தது. கம்பி விறைத்ததும் சோக் மூடி தானாகச் சாத்திக்கொண்டது. காற்று அடைபட்டுப் பின்னால் கரும்புகை கிளம்பியது.

சோக் என்பது விடியற்காலையில் எஞ்சினை எழுப்ப இழுக்கிற சங்கதி. இந்த லொறியில் பாரம் ஏறின நேரமெல்லாம் அது தன்பாட்டில் இழுபட்டிருக்கிறது. சந்தோஷம் தாங்காமல் கையை உயர்த்தி "அந்தா! அந்தா!" என்று கத்தினேன். லொறி சடக்கென்று நின்றது. நான் றோட்டில் கிடந்தேன். யோசப்பு பற்றைக்குள் கிடந்தான். கொஞ்ச நேரம் கழித்துப் பற்றைக்குள்ளிருந்து அவனுடைய குரல் வந்தது: "அண்ணை, ஹெலி எண்டால் ஹெலி எண்டு கத்துங்கோ, கம்பி எண்டால் கம்பி எண்டு கத்துங்கோ."

பிள்ளையாரைக் கேட்டது

கம்பியைக் கழற்றிச் சுருட்டி வைத்துக்கொண்டு சுருவில் சந்திக்குப் புகையில்லாமல் போய்ச் சேர்ந்தோம். முதலாளி அங்கே நின்றார். சோக் இல்லாமல் விடியற்காலையில் லொறியை எழுப்ப ஏலாது. திரும்பக் கம்பி இழுப்பதானால் நேராகத்தான் இழுக்க வேண்டும், படத்தைத் தள்ளியே ஆக வேண்டும் என்று சொன்னேன். "அப்ப பிழை பிள்ளையாரிலை எண்டுறீரோ?" என்று சீறினார். எரிந்த கடையைச் சொல்லி, சட்டத்தைப் பிடுங்கியபோது வெந்த கையைக் காட்டிப் பேசினார். அந்தக் கையைப் பார்த்த பிறகு, எடுத்த ஸ்குரூ டிரைவரை நான் கீழே இறக்கினேன்.

குடத்தை இடுப்பில் வைத்தபடி தங்கம்மா அக்கா முன்னுக்கு வந்தார். "முதலாளி, உங்களோடை இவ்வளவு தூரம் வந்தவர், எங்கடை பச்சைப்பிள்ளையின்ரை தண்ணிக்காக ஒரு சாண் தள்ளி இருக்கமாட்டாரே? நீங்கள் அவரைக் கேட்டுப் பாத்தனீங்களோ?" என்றார். முதலாளி லொறிக்குள் ஏறிப் படத்தைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு கையை நீட்டி என்னிடம் ஸ்குரூ டிரைவரை வாங்கி, தானே கழற்றினார், தன் கண்களைத் துடைத்தபடி.

படத்துக்குப் பின்னால் அழகான ஒரு வட்டத் துளை இருந்தது. இரண்டு விதமான எஞ்சினுக்கும் உதவட்டும் என்று லொறி செய்தவனே போட்டு வைத்த துளை. அதே பிரேக் கம்பியை அதற்குள்ளால் விட்டேன். இரண்டு முழம் மிஞ்சியது. முதலாளி துளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு சனத்துக்குக் கேட்கச் சொன்னார்: "நான் அண்டைக்கே நினைச்சனான், உவர் கம்பியைப் பிழையாத்தான் இழுக்கிறார் எண்டு."

அந்த லொறியைத் திருத்தியது பிள்ளையார் என்று தங்கம்மா அக்காவும், அந்தோனியார் என்று யோசப்பும், தான்தான் என்று முதலாளியும் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்ததால், நான் திருத்தினேன் என்று சொல்லிக்கொள்ள இந்தத் தாளைத் தவிர எனக்கு வேறு இடம் மிஞ்சவில்லை.