கண்ணையும் மண்ணையும் பிடித்த கல்

எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டு வாசலில் கறுப்புக் கயிற்றில் ஒரு படிகாரக் கல் தொங்கியது. ஊர்க்கண், உறவுக்கண் எல்லாவற்றையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது அம்மாவின் கட்சி. தகரக் கூரைக்கடியில் கிடக்கும் நம்மைப் பார்த்து யார் கண் வைக்கப்போகிறார்கள் என்று அப்பா கேலி செய்வார். ஆனாலும் ஆணி அடித்து அதைத் தொங்கவிட்டது அவர்தான்.

எனக்கு அப்போது ஏழு வயது. அக்காவைப் பெண் பார்க்க ஈப்போவிலிருந்து மதியம் ஆட்கள் வருவதாக இருந்தது. முன்பு வந்த இரண்டு குடும்பங்கள் ‘போன் பண்ணுகிறோம்’ என்று சொல்லிப் போனவைதான்; அந்த போன் அடிக்கவே இல்லை. இந்த மாப்பிள்ளையின் படத்தை அக்கா தலையணைக்கடியில் வைத்திருந்தாள். அதைப் பார்த்தும் நான் யாரிடமும் சொல்லவில்லை. என் வாழ்நாளின் முதல் பெருந்தன்மை அது.

காலையில் அம்மா அக்காவின் தலையில் நல்லெண்ணெயைத் தேய்த்துவிட்டுக் குழாயைத் திறந்தாள்.

“அம்மா, குழாயில தே வருதும்மா!” என்று கூவினேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது.

நான் பொய் சொல்லவில்லை. பால் ஊற்றிய தேநீர் நிறத்தில்தான் தண்ணீர் கொட்டியது. இரவெல்லாம் மழை. எங்கள் குழாய்க்கு மலையோடைத் தண்ணீர்தான். மேலே காய்கறித் தோட்டத்துக்காக மலையைச் சீவ ஆரம்பித்த பிறகு, பெரிய மழை பெய்தாலே இந்தக் கூத்துதான். அம்மா தேயிலை கொய்துகொண்டிருக்க, அப்பா மட்டும் எஸ்டேட் வேலையை விட்டு அந்தக் காய்கறித் தோட்டத்தில் மண்வாரி இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தார்.

குடிக்கப் பிரிஞ்சாங் டவுனில் போத்தல் தண்ணீர் வாங்கிவிடலாம். எண்ணெய் வழியும் தலையை அதில் எத்தனை போத்தல் ஊற்றி அலசுவது? பதினைந்து பேருக்குச் சமைப்பது எதில்? இரவே டிரம்மை வெளியே வைத்திருந்தால் மழைத் தண்ணீராவது கிடைத்திருக்கும் என்று அம்மா எல்லோரையும் திட்டினாள். அக்கா நெற்றியில் எண்ணெயும் கண்ணில் நீருமாக உட்கார்ந்திருந்தாள். எனக்கும் அழுகை வந்தது.

அப்போதுதான் மாமா எழுந்து வந்தார். அம்மாவின் தம்பி, அடிவாரத்தில் தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையத்தில் வேலை. ‘மச்சான் எந்நேரமும் தண்ணியிலேயே இருக்கிற ஆளு’ என்று அப்பா சொல்லிச் சிரிப்பதன் பொருள் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. மாமா நேராக வாசலுக்குப் போய்ப் படிகாரத்தை அவிழ்த்தார்.

“டேய், இன்னிக்குப் போயி வாசக்கல்லை அவுக்கிறியே!” என்று அம்மா பதறினாள்.

“வர்றவங்க கண்ணைப் பொறவு பாத்துக்கலாம்லா, அக்கா. மொதல்ல இந்த மண்ணைப் பாப்போம்.”

குழாயின் கலங்கல் தண்ணீரை டிரம்மில் பிடித்து, கல்லைக் கழுவி, கயிற்றோடு அதில் விட்டுச் சுழற்றினார். பிறகு கல்லை வெளியே எடுத்துவிட்டு, ஒரு கட்டையால் வேகமாகக் கலக்கினார். அப்புறம் கட்டையை என் கையில் கொடுத்தார்.

“இனிமே மெதுவா. தொட்டில் ஆட்டுற மாதிரி. தனித்தனியா இருந்தா இந்தத் தூசு நாளெல்லாம் மெதந்துக்கிட்டே கெடக்கும். ஒண்ணோட ஒண்ணு சேந்தா கனம் வந்துரும், உக்காந்துரும்.”

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆட்டினேன். பால் திரிவது போலத் தண்ணீரில் சின்னச் சின்னப் பொட்டுகள் தோன்றின. பொட்டுகள் பூக்களாயின. கட்டையை நிறுத்தச் சொன்னார். பூக்கள் அத்தனையும் சத்தமே இல்லாமல் கீழே இறங்கத் தொடங்கின. மேலே ஒரு சாண் தெளிந்தது, பிறகு இரண்டு சாண். மாமா டார்ச் அடித்தபோது அடி வரை வெளிச்சம் போனது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோயிலில் திரை விலகும்போதுகூட நான் அப்படி வாய்பிளந்து நின்றதில்லை. கண்ணைப் பிடிக்கிற கல் மண்ணையும் பிடித்துவிட்டதே!

அடியில் படிந்ததைக் கலைக்காமல் மாமா ரப்பர் குழாயால் மேல் தண்ணீரை இறக்கி, மடித்த வேட்டியில் வடிகட்டினார். “எங்க வேலை எடத்துல இதுக்கு மணல் இருக்கு. இங்க ஒங்கப்பா வேட்டி” என்றார். இப்படியே மூன்று டிரம். சமையலுக்கானது அடுப்பில் கொதித்தது. அக்கா தலைமுழுகி, சீயக்காய் மணக்க வந்தாள்.

மதியம் வந்த ஈப்போ மாப்பிள்ளையின் அம்மா தேநீரைக் குடித்துவிட்டு இன்னொரு கோப்பை கேட்டார். “மலைத் தண்ணின்னா மலைத் தண்ணிதான். எவ்ளோ சுத்தம்!” என்றார். அம்மா இருமினாள். போகும்போது அவர்கள் போன் பண்ணுவதாகச் சொல்லவில்லை; நாள் பார்க்கச் சொன்னார்கள்.

சாயங்காலம் அப்பா டிரம்களைச் சாய்த்து, அடியில் இருந்த மஞ்சள் சேற்றை இரண்டு வாளிகளில் வழித்தார். கொஞ்சம் எடுத்து விரல்களில் தேய்த்துப் பார்த்தார். வாசலோரம் கிடந்த அவருடைய பூட்சிலும் அதே மஞ்சள்தான் காய்ந்திருந்தது.

“எங்கேருந்துப்பா இவ்ளோ மண்ணு வந்துச்சு?”

“மேலேர்ந்து” என்றார்.

நான் அண்ணாந்து வானத்தைப் பார்த்தேன்.

“கால்வாயில ஊத்திட்டு வாங்களேன்” என்றாள் அம்மா.

“கீழ பெர்த்தாம் பள்ளத்தாக்குல இருக்கவங்க குழாய்க்குத்தான் போகும்” என்று சொல்லிவிட்டு, அப்பா இரண்டு வாளிகளையும் தூக்கிக்கொண்டு காய்கறித் தோட்டத்து மேட்டுப் பாதையில் ஏறினார். சாமியிடம் திருப்பிக் கொடுக்கத்தான் போகிறார் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். தினமும் ஒரு மலையையே இயந்திரத்தால் தள்ளுகிறவர், அன்று இரண்டு வாளி மண்ணை ஏன் அப்படி மூச்சிரைக்கச் சுமந்து போனார் என்பது எனக்கு விளங்கவில்லை.