போல்ட்டை எடுத்துக் கொடுத்த கை

இதை நான் கற்பனை பண்ணிச் சொல்லவில்லை, கண்ணுங்களா. பட்டது என் கை. இதோ, இந்த வலது கை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் விளக்கைப் போட்டுக்கொண்டு படியுங்கள். நீங்கள் பயப்படுவதில் எனக்கு ஆசைதான். உங்கள் தூக்கம் கெடுவதில் இல்லை.

போன வருஷம், ஹரி ராயா பெருநாளுக்கு மறுநாள். ஸ்கூடாயில், தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு. மருமகள் பிரவீனாவுக்கு எட்டரை மாதம். அன்று செக்கப்பில் பிரஷர் ஏறத் தொடங்கியிருந்தது. கைகால் வீக்கம் வேறு. "நாளைக் காலை ஆறரைக்குள் ஆபரேஷனுக்கு வந்து சேர்ந்துவிட வேண்டும், தாமதித்தால் ஆபத்து. வளையலை எல்லாம் கழற்றிவிட்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

வளைகாப்பு வளையலைப் பிள்ளை பிறக்கும்வரை நாங்கள் கழற்ற மாட்டோம். எனக்கு மனசே வரவில்லை. ஆனாலும் எண்ணெய் தடவி, ஒவ்வொன்றாக உருவி, சாமி மேடையில் ஒரு தட்டில் வைத்தேன். எல்லாம் சிவப்பும் மஞ்சளும். கடையில் அவள் அளவுக்குப் பச்சை கிடைக்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரச்சினை கார். என் மகன் ரூபேந்திரன், பத்து பாகாட் என்ற ஊரில் ஐயாசாமி என்பவரிடம் நான்கு மாதத்துக்கு முன்பு வாங்கிய பழைய கார். சூடேறினால் ஓடும்போதே இன்ஜின் அணைந்துவிடும். ஆறினால்தான் மறுபடி பிடிக்கும். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போதும் நடு ரோட்டில் நின்றது. பின்னால் லாரியின் ஹாரன். பிரவீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

கிராங்க் சென்சார் போய்விட்டது என்றான் மகன். விரல் நீளம்தான் இருக்கும் அந்தச் சாமான். அது இல்லாமல் இன்ஜின் ஓடாது. பட்டறைகளோ ராயாவுக்குச் சாத்தியிருந்தன. விடிவதற்கு முன் கிராப் டாக்சி வரும் என்றும் நம்ப முடியாது. எப்படியோ புதுசு ஒன்று வாங்கி வந்து, வாசலிலேயே வேலையைத் தொடங்கிவிட்டான்.

மாலை 6.40. ஜாக் வைத்துத் தூக்கி, கீழே படுத்து, நீள ஸ்பேனரால் பழையதைக் கழற்றிவிட்டான். காரை இறக்கினான். புதியதை மேலிருந்துதான் மாட்ட வேண்டும். இன்ஜினுக்குப் பின்னால், கண் எட்டாத இடுக்கு. போல்ட்டின் முதல் இரண்டு சுற்றை விரலால்தான் பிடிக்க வேண்டும். அவன் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. தோல் உரிந்து ரத்தம்.

"அலமாக்! இதை இங்க வெச்சவனை நேர்ல பாக்கணும்மா."

"உன் கை கையாடா, பலாக்காய். தள்ளு, நான் விட்டுப் பாக்கறேன்."

"நீங்க சும்மா இருங்கலா."

இருபத்திரண்டு வருஷம் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் மயிரிழைக் கம்பி ஒட்டிய கை என்னுடையது. அது அவனுக்கு மறந்துவிட்டது.

7.20. மசூதியில் பாங்கு சொன்னார்கள். டார்ச் மங்கியது. "பேட்டரி வாங்கிட்டு வந்துடறேன், தொடாதீங்க" என்று மோட்டார் சைக்கிளில் போனான்.

தொட்டேன்.

முழங்கை வரை உள்ளே விட்டேன். இரும்பு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. தடவித் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்து சென்சாரை அழுத்தினேன். டிக். உட்கார்ந்துவிட்டது. போல்ட்டை எடுத்து இரண்டு விரல் நுனியில் கொண்டுபோனேன்…

நழுவியது.

டிங்… டிங்…

மூன்றாவது சத்தம் வரவில்லை. கீழே சிமென்ட் தரை. விழுந்திருந்தால் கேட்டிருக்கும். கேட்கவில்லை.

கையை எடுக்காமல் துழாவினேன். வேறு போல்ட் இல்லை. இது இல்லையென்றால் நாளை கார் இல்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

கிலுங்… கிலுங்…

கண்ணாடி வளையல். காருக்கு அடியிலிருந்து.

"பிரவீனா, குனியாதேம்மா" என்றேன்.

என் உள்ளங்கையில் ஏதோ பட்டது. விரல்கள். ஈரமாக, சில்லென்று. கீழிருந்து மேலே வந்த விரல்கள். போல்ட்டை வைத்தன. என் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கிவிட்டன.

"நல்ல பிள்ளை. உள்ளே போ" என்றேன்.

வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "அத்தை, யாருகிட்ட பேசறீங்க?"

பிரவீனாவின் குரல்.

காருக்கும் தரைக்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

ஜன்னல் வழியாகச் சாமி மேடை தெரிந்தது. தட்டில் வளையல்கள் அப்படியே இருந்தன.

7.29.

கையை உருவிக்கொண்டு ஓடியிருக்கலாம். ஓடினால் போல்ட் மறுபடி விழும். பிரவீனாவின் வீங்கிய முகம் கண்முன் வந்தது.

ஓடவில்லை.

போல்ட்டை ஓட்டையில் வைத்தேன். திருகப் பார்த்தேன், பிடி கிடைக்கவில்லை.

அந்தக் கை என் கையைப் பிடித்துக்கொண்டது.

ஒரு சுற்று…

இரண்டு…

மூன்று…

விட்டது.

7.36க்கு மகன் வந்தான். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, போல்ட்டில் ஸ்பேனர் போட்டு அழுத்தினான். அசையவில்லை. "யாரும்மா இவ்ளோ டைட் வெச்சது?"

"நான்தான்" என்றேன். வேறென்ன சொல்வது?

மறுநாள் காலை 5.10க்குக் கிளம்பினோம். பின் சீட்டில் பிரவீனாவும் நானும். அவள் வலது கை என் மடியில். வழி முழுக்க அரைத் தூக்கம் அவளுக்கு. கார் ஒரு தடவைகூடத் திணறவில்லை.

ஆஸ்பத்திரியில் தாதி கேட்டாள். "வளையலைக் கழட்டச் சொன்னோமே?"

பிரவீனாவின் இடது கையில் ஒரே ஒரு வளையல். பச்சை.

"நீங்கதானே அத்தை வழியில போட்டுவிட்டீங்க? கை சில்லுனு இருந்துச்சே."

எண்ணெய், சோப்பு… எதற்கும் கழலவில்லை. கடைசியில் அதன்மேல் டேப் சுற்றி உள்ளே கொண்டுபோனார்கள்.

காலை 11.20க்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். தாதி வெளியே வந்து வளையலை என் கையில் வைத்தாள். "பிள்ளை அழுத உடனே தானா கழண்டு விழுந்துச்சு ஆன்ட்டி. டேப் சுத்தினது சுத்தினபடியே இருக்கு."

பதினாறு நாள் கழித்து ஐயாசாமிக்குப் போன் போட்டேன். "காரில் வளையல் எதுவும் விட்டுட்டுப் போனீங்களா?" என்று மட்டும்தான் கேட்டேன். மறுநாள் பத்து பாகாட்டிலிருந்து நேரிலேயே வந்துவிட்டார். கையில் ஒரு துணி முடிச்சு.

"என் மக சாந்தினிம்மா. ஒம்பது மாசம். வலி வந்து கூட்டிட்டுப் போனோம். செம்பனைக் காட்டு ரோட்ல கார் நின்னுபோச்சு. இருட்டு. மழை. ஆம்புலன்ஸ் வரதுக்குள்ள… பின் சீட்லயே ரெண்டு உசுரும். அதே சென்சார்தான். மாத்தினேன், மறுபடி போகும்னு நெனைக்கல. சொல்லியிருக்கணும். மன்னிச்சிருங்கம்மா."

முடிச்சை அவிழ்த்தார். எல்லாம் பச்சை வளையல்.

"இருபத்தொண்ணு போட்டோம். எடுத்துட்டு வரும்போது இருபதுதான் இருந்துச்சு. ஒண்ணுக்காகக் காரையே பிரிச்சுப் பாத்தேன். கிடைக்கல. வலியிலயும் அதையேதான் சொல்லிட்டு இருந்துச்சு புள்ள. 'அப்பா, பொறக்குறவரைக்கும் கழட்டிடாதீங்க'ன்னு."

நான் சாமி மேடைக்குப் போய் அந்த ஒன்றை எடுத்து வந்தேன். முடிச்சில் வைத்தேன். ஐயாசாமி விரல் வைத்து எண்ணினார்.

இருபத்தொன்று.

உள்ளே தொட்டிலில் குழந்தை சிரிக்கும் சத்தம் கேட்டது. பிரவீனா அப்போது எங்கள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். உள்ளே வேறு யாரும் இல்லை.