நான்காவது தட்டு

நான்கு தட்டு தட்டாமல் ஆர்லன் ஸ்டக்கி என் கடையை விட்டுக் கிளம்பமாட்டார். சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி, பின்பையில் பணப்பை, இடப்பக்கம் சாவிக்கொத்து, கடைசியாக வலது இடுப்பில் கைத்துப்பாக்கி. நான்கும் இருந்தால்தான் தொப்பி தலைக்கு ஏறும். எனக்குத் தெரிந்து முப்பது வருஷமாக இந்த வரிசை மாறியதில்லை.

அமெரிக்காவில், மொண்டானா மாநிலத்தின் கிழக்குக் கோடியில் பண்ணை பண்ணையாகப் போய் எரிவாயு நிரப்புகிற லாரி அவருடையது. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இருபது மைல். "போலீஸைக் கூப்பிட்டா வந்து சேர ஒண்ணேகால் மணி நேரம் ஆகும்டா ரஸ். அதுவரைக்கும் நான்தான் போலீஸ்" என்பார். அந்தத் துப்பாக்கியால் இதுவரை சுட்டது சாரைப்பாம்பு நீளத்துக்கு இருந்த இரண்டு விஷப்பாம்புகள், கால் முறிந்த குதிரை ஒன்று. குதிரையைச் சுட்ட பிறகு மூன்று நாள் கடைப்பக்கமே வரவில்லை.

அவருடைய வலக்கை உடம்பிலிருந்து ஒரு சாண் விலகியே தொங்கும். நாற்காலியில் ஒருக்களித்துத்தான் உட்காருவார். கோட்டின் வலப்பக்க உள்துணி உரசி உரசிக் கிழியும். மனைவி லொரெட்டா ஒட்டுப் போட்டுக்கொண்டே இருப்பாள். "இந்த மனுஷனோட கோட்டுல இடப்பக்கம் மட்டும் மாப்பிள்ளை மாதிரி இருக்கு பாரு" என்று கடையில் எல்லோர் முன்னாலும் காட்டுவாள்.

மகன் கர்ட்டிஸ் காற்றாலை வேலைக்காக டென்மார்க் போனவன், சிக்னே என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். முதல்முறை வந்தபோது சாப்பாட்டு மேசையில் மாமனாரின் இடுப்பைப் பார்த்துவிட்டு அவள் பேசியதை ஆர்லனே எனக்கு நடித்துக் காட்டினார்.

"எங்க அப்பாவும் மான் வேட்டைக்காரர்தான். வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கி இரும்பு அலமாரிக்குள்ள போயிடும். எங்க கூட உக்காந்து சாப்பிடாது, ஆர்லன்."

"திருடன் வந்தா?"

"கதவைப் பூட்டியிருப்போம்."

"பூட்ட மறந்துட்டா?"

"சைக்கிளை எடுத்துட்டுப் போவான். அவ்வளவுதானே?"

சொல்லிவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார். மருமகளை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

போன கிறிஸ்துமஸுக்கு நான்கு மாதப் பேத்தி ஆஸ்டாவுடன் வந்தார்கள். என் கடையில் ஆணி, கயிறோடு துப்பாக்கியும் விற்பேன்; ஆர்லன் ஒரு மாதம் முன்பே என்னிடம் சொல்லிவைத்திருந்தார். சின்னக் கைகளுக்கான சிறிய ரைஃபிள், அடிக்கட்டை இளஞ்சிவப்பு, அதில் பேத்தியின் பெயர் பொறித்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்தால் இப்படிச் செய்வதுண்டு. பத்து வயதில் கையில் கொடுப்போம். அதுவரை பெயரோடு காத்திருக்கும். ஆர்லனுக்கு அவர் அப்பா கொடுத்தது இன்னும் வீட்டில் இருக்கிறது. பேத்திக்கான ரைஃபிளை விற்றவன் நான். சிவப்பு ரிப்பன் கட்டிக் கொடுத்தவனும் நான்தான். சிக்னே இதை எப்படி எடுத்துக்கொள்வாள் என்று இரண்டு பேரில் ஒருவருக்காவது உறைக்க வேண்டாமா!

பெட்டியைத் திறந்த சிக்னே கத்தவில்லையாம். மூடி வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் முன்னதாகவே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். ஆர்லன் பெட்டியை என்னிடம் கொண்டுவந்தார். "நான் என்ன, அந்தப் புள்ளைக்கு விஷத்தையா குடுத்தேன்?" என்று கேட்டார். பெயர் பொறித்ததை யாருக்கு விற்பது? கடையின் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

பிப்ரவரியில் சிக்னே ஆர்லனுக்குப் போன் செய்தாள். ஜூனில் வருகிறோம், ஆனால் ஆஸ்டா இருக்கும் இடத்தில் துப்பாக்கி இருக்கக்கூடாது, மேசையிலும் கூடாது, உங்கள் இடுப்பிலும் கூடாது, முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், நாங்கள் வரவில்லை என்றாள். ஆர்லன் முடியும் என்று சொல்லிவிட்டார். சொன்ன கையோடு வியர்த்துப்போய் என்னிடம் வந்தார்.

"டேய் ரஸ், இது இல்லாம எனக்கு நடக்கவே தெரியாதுடா."

"பழகிக்கலாம்."

பழகினார். அறுபத்தாறு வயதில், மார்ச் மாதப் பனியில். துப்பாக்கியை என் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டு முதல் நாள் எதிரே உள்ள தபால் நிலையம்வரை போய் வந்தார். மறுநாள் உணவகம்வரை. ஒரு பக்கம் சாய்ந்தே நடந்தார். பரிமாறுகிற வெர்னா, "என்ன ஆர்லன், முதுகு புடிச்சிருக்கா?" என்று கேட்டாளாம். ஒவ்வொரு முறையும் நான்காவது தட்டு வெறும் பெல்ட்டில் விழும், திடுக்கிட்டு நிற்பார். "இன்னிக்கு இருபது நிமிஷம்டா" என்று திரும்பி வந்து சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை. லாரி ஏறும் முன் மறக்காமல் வாங்கி மாட்டிக்கொள்வார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம், விமான நிலையத்திலிருந்து வாடகைக் காரில் வந்தவர்கள் என் கடை வாசலில் நிறுத்தினார்கள். கர்ட்டிஸ் பெட்ரோல் போடப் போனான். சிக்னே குழந்தையோடு இறங்கிக் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தபோது ஆர்லன் உறையோடு துப்பாக்கியைக் கழற்றி என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சின்ன ரைஃபிளுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். சாவி இரண்டு சுற்று சுற்றும்வரை வெளியிலேயே நின்றுவிட்டு உள்ளே வந்தாள்.

"ரொம்பக் கஷ்டமா இருக்கா, ஆர்லன்?"

"வலப்பக்கம் காத்தடிக்குது." பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்: "லாரில போறப்ப மாட்டிக்குவேன்மா. அதை மட்டும் விடச் சொல்லாத."

"சொல்லமாட்டேன்."

குழந்தையை அவரிடம் நீட்டினாள். வாங்கியவருக்கு எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆஸ்டாவே வழி கண்டுபிடித்தாள். சரிந்து, வலது இடுப்பில் கால்களைப் பரப்பி உட்கார்ந்து, சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். எப்போதும் விலகித் தொங்குகிற கை அவளைச் சுற்றி வளைத்தது.

கார் ஹாரன் அடித்தது. கிளம்பத் திரும்பினார். இடக்கை தன்பாட்டில் வேலையைத் தொடங்கியது. கண்ணாடி. பணப்பை. சாவி. நான்காவது தட்டுக்கு உடம்பின் குறுக்கே வந்தபோது, அங்கே துணிக்காலணி போட்ட ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது.

அதைப் பிடித்துக்கொண்டார். தொப்பி என் மேசையிலேயே கிடக்க, பிடித்த காலை விடாமல், கதவை முதுகால் தள்ளித் திறந்துகொண்டு வெளியே போனார்.