பீடிங் அக்காவும் சம்பந்தி கட்டிய திட்டும்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் பீடிங் அக்கா நேரே குளியலறைக்குத்தான் போவார். பாவம், என்ன அவசரமோ என்று வீட்டுக்காரர்கள் விலகி வழிவிடுவார்கள். உள்ளே போனவர் கதவைச் சாத்த மாட்டார். டைல்ஸ் முடிகிற விளிம்பில் புறங்கையை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுப்பார். பிறகு குரல் மட்டும் வெளியே வரும்: "யாரு இதை ஒட்டினது? கையால ஒட்டினானா, காலால ஒட்டினானா?"

பீடிங் என்பது டைல்ஸின் விளிம்பை மூடுகிற குறுகலான உலோகப் பட்டை. சுவர் பூராவும் டைல்ஸ் ஒட்டிவிட்டு, கடைசி நாள் கிளம்புகிற அவசரத்தில் அதை ஒப்புக்கு அப்பிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மூலை வாயைப் பிளக்கும். விளிம்பு தூக்கிக்கொண்டு துண்டை இழுக்கும், முழங்காலைக் கீறும். அப்போது அக்காவைக் கூப்பிடுவார்கள். இருபத்தெட்டு வருஷமாக அக்காவுக்கு வேலைப் பஞ்சம் என்று ஒரு நாள் கிடையாது.

தலையில் கலவைச் சட்டியோடு சித்தாளாக வந்தவர். மேஸ்திரிகள் நடுச்சுவரில் காட்டுகிற வித்தையையெல்லாம் ஓரத்துக்கு வந்ததும் சுருட்டி வைத்துக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் சட்டியை இறக்கிவிட்டுக் கரண்டியை எடுத்தார். "நான் அஞ்சாங்கிளாஸ் தாண்டல. ஆனா நான் வச்ச ஓரத்தை ஒரு சொட்டுத் தண்ணி தாண்டட்டும், பாப்போம்!" என்பார். இதை இன்ஜினியரிடம் சொல்வார், பஸ் கண்டக்டரிடம் சொல்வார், மருந்துக் கடை வரிசையில் பின்னால் நிற்கிறவரிடம் அவர் கேட்காமலே சொல்வார். மிகையாகத் தோன்றலாம். ஆனால் போய்ப் பார்த்தவர்கள் தாண்டவில்லை என்றுதான் சொல்கிறார்கள்.

அக்காவின் பையில் மட்டம் பார்க்கிற ரசமட்டம் உண்டு, அரம் உண்டு, கூடவே ஒரு பாக்கெட் பலூனும் உண்டு. வேலை முடிந்ததும் ஒன்றை ஊதி, முடிச்சுப் போட்டு, போட்ட ஓரத்தில் அழுத்தித் தேய்ப்பார். கீச் கீச்சென்று கத்திக்கொண்டே பலூன் கடைசிவரை போய்ச் சேர்ந்தால் வேலை முடிந்தது. நடுவில் வெடித்தால் மறுபடி அரம். "பலூன் தோலும் பச்சப்புள்ளத் தோலும் ஒண்ணு. அதுக்கு வலிக்கலேன்னா யாருக்கும் வலிக்காது" என்பது அக்காவின் கணக்கு. ஒரு மாடி வீட்டில், பழைய வேலையைச் சோதித்தபோது ஒரே குளியலறையில் ஏழு பலூன் வெடித்து, கீழ் வீட்டுக்காரர் என்ன விசேஷம் என்று மேலேறி வந்துவிட்டார்.

இப்படிப்பட்ட அக்காவுக்குத்தான் அந்தச் சோதனை வந்தது. அதுவும் மகளைக் கொடுத்த வீட்டிலிருந்து.

சம்பந்தி முப்பத்தைந்து வருஷம் அலுவலகத்தில் கோப்பு கட்டியவர். ஓய்வு பெற்ற கையோடு, உட்கார்ந்து குளிக்க வசதியாக இருக்கட்டும் என்று குளியலறையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு திட்டு கட்டினார். செங்கல், டைல்ஸ், பீடிங் எல்லாம் அவரே. வாழ்க்கையில் சொந்தக் கையால் அவர் செய்த முதல் பொருள் அது. வருகிறவர் யாராக இருந்தாலும் தண்ணீர் கொடுக்கும் முன்பே குளியலறைக்கு அழைத்துப் போய்விடுவார். மின்கணக்கு எடுக்க வந்தவர்கூட அந்தத் திட்டில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் போனார்.

பீடிங்குக்கு மூக்கும் உண்டு, வாலும் உண்டு. மூக்கு வெளியே பளபளக்கும். ஓட்டை போட்ட வால் டைல்ஸுக்கு அடியில் புதைந்து அதைப் பிடித்துக்கொள்ளும். சம்பந்தி டைல்ஸையெல்லாம் ஒட்டி முடித்த பிறகுதான் அட்டைப்பெட்டியில் பீடிங் கிடப்பதைப் பார்த்தார். வாலை எங்கே நுழைப்பது? 'அதிகப்படியாகக் கொடுத்துவிட்டார்கள்' என்று முடிவு கட்டி வாலை வெட்டிப் போட்டுவிட்டு, மூக்கை மட்டும் சிலிக்கான் பசையால் ஒட்டிவிட்டார். மூலையில் இரண்டு பட்டைகளும் ஒன்றை ஒன்று குத்தவருகிற மாதிரி நின்றன. அக்கா மகளின் முழங்காலுக்குக் கீழே நீளமாக ஒரு கீறல். பத்து மாதப் பேத்தி இரண்டு நாளாக எதைக் கண்டாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். அவளுக்கு அந்தத் திட்டு சரியான உயரம்.

காலையில் மகள் போன் செய்தாள்.

"அம்மா, மாமா கண் டாக்டர்கிட்ட போறாரு. அத்தையும் கூடப் போறாங்க. மூணு மணி நேரம் ஆகும். அடுத்த மாசம் போக வேண்டியதை அத்தைதான் இன்னைக்கே பாத்துடலாம்னு இழுத்துட்டுப் போறாங்க."

"அப்ப சம்பந்தியம்மாவும் நம்ம கூட்டா!"

"சிரிக்காதே. மாமாவுக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிரும். நீ பையை எடுத்துட்டு வா. வாயை வீட்டுலயே வச்சுப் பூட்டிட்டு வா."

"வாய் இல்லாம பலூனை எப்படிடீ ஊதறது?"

"அதுக்கு மட்டும் திற!"

சொல்வது சுலபம். செய்த வேலையைச் சொல்லாமல் இருப்பது அக்காவுக்கு மூச்சை அடக்குகிற மாதிரி. அதுவும் எவ்வளவு நேரம்? இது சாகும்வரை அடக்க வேண்டிய மூச்சு.

அவர்கள் ஆட்டோ தெருமுனை திரும்பிய மறு நிமிஷம் அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினார். பிளேடை ஓட்டியதும் சிலிக்கான் வாழைநார் மாதிரி உரிந்து வந்தது. ஓரத்து டைல்ஸை ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டினார். டொக், டொக். எல்லாம் பொள்ளல், அடியில் வெறும் காற்று. சம்பந்தி டைல்ஸின் முதுகில் பசையை நாலு மூலைக்கும் நடுவுக்கும் ஐந்து பொட்டாக வைத்து ஒட்டியிருந்தார். வேறு வீடாக இருந்தால் அக்கா இதற்கு அரை மணி நேரம் திட்டியிருப்பார். இன்றைக்கு மெல்லிய உளியை நுழைத்து ஒரு நெம்பு நெம்ப, ஓரத்து டைல்ஸ் அத்தனையும் ஒன்றுகூட உடையாமல் கையோடு வந்தன.

"சம்பந்தி நல்லா இருக்கணும்! இவ்வளவு மோசமா ஒட்ட எல்லாராலயும் முடியாதுடீ" என்று அக்கா குதூகலித்தார். வாசலில் குழந்தையோடு காவல் நின்ற மகள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அதே ரகம், அதே பளபளப்பு, புதுப் பீடிங். சீக்கிரம் இறுகுகிற பசையைச் சீப்புக் கரண்டியால் கோடு கோடாக இழுத்து, வாலை அதில் புதைத்து, அதே டைல்ஸை மேலே அமர்த்தினார். மூலைக்கு இரண்டு பட்டைகளையும் சாய்வாக அறுத்துச் சேர்த்தார். முதல் பலூன் மூலையில் படாரென்று வெடித்தது. பேத்தி பயப்படவில்லை. இன்னொன்று வேண்டும் என்று கையை நீட்டிக் கூவினாள். அக்கா அரத்தை எடுத்து, நகம் தீட்டுகிற நிதானத்தோடு ராவினார். இரண்டாவது பலூன் கீச்சிட்டுக்கொண்டே கடைசிவரை போனது. இனி இடுக்குகளை அடைக்கிற சாம்பல் நிறக் கிரவுட் பூச்சு மட்டும்தான். அதைத் தேய்த்து முடித்துக் கடைசி மூலையைத் துடைக்கப் போகும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"அம்மா! ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துட்டாங்க!"

உளியும் அரமும் பைக்குள் விழுந்தன. நாலடிப் பழைய பட்டை பைக்குள் போகவில்லை. மகள் அதை மடக்கி மடக்கி, குழந்தையின் துணிக்கூடைக்கு அடியில் தள்ளினாள். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, சும்மா பேத்தியைப் பார்க்க வந்தவர் மாதிரி அவளை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்.

சம்பந்தி கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். சொட்டு மருந்து விட்டதில் எல்லாம் மங்கல். அவர் மனைவி பின்னால் நின்றுகொண்டு, என்னால் முடிந்தது இவ்வளவுதான் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"யாரு, சம்பந்தியம்மாவா? வாங்க, வாங்க. முகத்தை மட்டும் கழுவிட்டு வந்துடறேன்."

தடவிக்கொண்டே குளியலறைக்குள் போனவர் வழக்கம்போலத் திட்டின் ஓரத்தில் கையை ஊன்றினார். விரல்கள் அங்கேயே நின்றுவிட்டன. பிறகு மெதுவாக ஓரத்தின் மேல் நகர்ந்தன. மூன்று பெண்களும் குளியலறை வாசலில் வந்து நெருக்கியடித்து நின்றார்கள்.

"சம்பந்தியம்மா, கொஞ்சம் இங்க வாங்க."

அக்கா குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

"போட்ட புதுசுல இது கையில லேசா இடறிச்சு. மருமகளைக்கூடக் கீறிடுச்சுன்னு எனக்கு மனசே சரியில்ல. இப்பத் தொட்டுப் பாருங்க! தானாப் படிஞ்சிருச்சு. அசல் வேலைன்னா அப்படித்தான், நாளாக நாளாகப் படியும்."

இரும்பு தானாகப் படியுமாம்! அக்காவின் தொண்டைக்குள் இருபத்தெட்டு வருஷத்துப் பேச்சும் வரிசை கட்டி முட்டியது. வாய் திறந்தது. வாசலில் மகள் இருமினாள். வாய் மூடியது.

"ஆமா சம்பந்தி" என்றார் அக்கா. அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லப் பட்ட பாட்டை அவர் எந்தச் சுவரிலும் பட்டதில்லை.

சம்பந்தி விரலை மூலைவரை கொண்டுபோனார். அங்கே துடைக்காமல் விட்ட கிரவுட் அரிசிமணி அளவுக்குத் துருத்திக்கொண்டிருந்தது.

"இந்த எடத்துல மட்டும் ஒரு பிசிறு. என்ன இருந்தாலும் கத்துக்குட்டி கைதானே. நீங்களா இருந்தா இதை விட்டிருப்பீங்களா?"

பிசிறு! அக்காவின் வேலையில்! எந்த மேஸ்திரியும், எந்த இன்ஜினியரும் இதுவரை அக்காவின் முகத்துக்கு நேரே சொல்லாத வார்த்தை. காது மடல்கள் இரண்டும் சிவந்தன. மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அக்கா குழாயைத் திறந்தார், கை கழுவுகிறவர் மாதிரி. கட்டைவிரலை நனைத்தார். மூலையில் வைத்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். "எங்க சம்பந்தி? எனக்கு ஒண்ணும் தட்டுப்படலையே."

சம்பந்தி மறுபடி தடவினார். ஒரு முறை, இரண்டு முறை. கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே அவர் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது.

"அட, ஆமா! இல்லவே இல்ல! கண்ணுதான் மங்கலா இருக்குன்னு பாத்தா, விரலும் ஏமாத்துது. அப்ப நல்லாத்தான் வந்திருக்குன்னு சொல்றீங்க?"

"என்னை எதுக்குக் கேக்கறீங்க? இப்படி ஒரு ஓரத்தை நான் வேற எங்கயும் பாத்ததில்ல" என்றார் அக்கா. சாம்பல் நிறத்தில் ஈரம் அப்பிய கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற நாலு விரலாலும் இறுக்கி மூடி, முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார்.